அமீரின் வலது காது

மஹ்யாரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் பேசாவிட்டால் பேச வேறு ஆளும் கிடையாது. அமீர் புர்ஸீனின் வாழ்க்கையையும் ஆட்சியையும் எழுதிய கிதாபு எங்கள் நவ்ரூத் ஊர்ப் பள்ளிவாசலில் பட்டுத்துணி சுற்றி வைத்திருக்கிறது. அதில் அமீரின் குதிரைக்குக்கூடப் பேர் இருக்கிறது. மஹ்யாருக்கு இல்லை. அவன் பேர் இருக்கவேண்டிய இடத்தில் என் பேர் இருக்கிறது. கத்தீப் நூஹ். அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

மஹ்யார் எங்கள் பள்ளியின் மோதினார், தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கிறவன். ஏரிக்கரையில் நாணல் வெட்டிப் பிழைத்த வீட்டுப் பிள்ளை. படிப்பு வாசனை கிடையாது. குள்ளம், முன்பல் ஒன்று சாய்ந்திருக்கும், ஏரிமீன் கருவாட்டைக் கண்டால் தன்னை மறந்துவிடுவான். ஆனால் அந்தக் குரல்! மினாராவில் ஏறித் தொண்டையை இரண்டு தடவை செருமிவிட்டு அவன் பாங்கு சொல்ல ஆரம்பித்தால், ஏரியில் தோணிக்காரன் கழியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவான். அந்தச் செருமல் ஊருக்கே அடையாளம். "மஹ்யார் செருமிட்டாரு, அடுப்பை இறக்குடி" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

நான் பத்து வருஷம் வெளியூரில் ஓதிப் படித்துவிட்டு வந்த கத்தீப். வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் ஏறிக் குத்பாப் பிரசங்கம் ஓதுவது என் வேலை. கறுப்பு அங்கி, கறுப்புத் தலைப்பாகை, ஊன்றிக்கொள்ள மரவாள், எல்லாம் உண்டு. குரல்தான் கிடையாது. மஹ்யார் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்வான்.

"காக்கா, உங்க குத்பாவுல ஒரு பரக்கத்து இருக்கு. ராவெல்லாம் தூக்கம் வராதவன்கூட வந்து நல்லாத் தூங்கிட்டுப் போறான்."

"வாயை மூடுடா, கருவாட்டுத் திருடா."

அப்படித்தான் பழகினோம். என் வீட்டு ரொட்டியில் பாதி அவன் வயிற்றில்தான் போகும். அவனுக்கு நான் காக்கா, அதாவது அண்ணன். அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். தம்பி!

அமீர் புர்ஸீன் அப்போது அமீர் இல்லை. காற்றுத் திரிகையில் மாவு அரைக்கிற கூலியாள். எங்கள் ஊரில் கோடை வந்துவிட்டால் நூற்றிருபது நாளைக்குக் காற்று ஓயாது. திரிகைக்கல்லும் ஓயாது. சின்ன வயதிலிருந்து கல்லுக்கு வலப்பக்கம் காட்டியே நின்று நின்று அவருடைய வலது காது அடியோடு போய்விட்டது. அவரிடம் பேச வேண்டுமென்றால் இடப்பக்கம் போய் நிற்க வேண்டும். அமீரான பிறகும் இதுதான் நிலை. மந்திரிகளெல்லாம் இடப்பக்கத்துக்கு முண்டியடிப்பார்கள், பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

அவர் எப்படி மேலே வந்தார் என்றால், ஆள்பிடிக்கிற கொள்ளைக்காரர்கள் ஒரு தடவை ஏரிக்கரையில் இறங்கி, நாணல் வெட்டிக்கொண்டிருந்த பத்தொன்பது பெண்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது நாங்கள் வடக்கத்தி அமீரின் ஆளுகையில் இருந்தோம். அவருடைய வீரர்கள் கோட்டைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். புர்ஸீன் திரிகைக்கார ஆட்கள் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு, தாடியெல்லாம் மாவோடு, கழுதையிலும் ஒட்டகத்திலுமாகத் துரத்திப் போனார். ஒன்பதாம் நாள் பத்தொன்பது பேரும் திரும்பி வந்தார்கள். அதில் ஒருத்தி நாஹித், மஹ்யாரின் பெண்டாட்டி.

அதற்குப் பிறகு ஊர் அவர் பின்னால் போய்விட்டது. ஒரு வருஷத்தில் கோட்டை அவர் கைக்கு வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் கோட்டையைப் பிடித்தவன் ராஜா இல்லை. வெள்ளிக்கிழமை குத்பாவில் யார் பேரைச் சொல்லித் துஆ கேட்கிறார்களோ அவர்தான் ராஜா. அந்தப் பேரை மாற்றிச் சொன்னால் அது கலகம். சொன்னவன் தலை கழுத்தில் நிற்காது.

ஒரு வியாழக்கிழமை புர்ஸீன் ஆற்றுத் துறையில் பாளையமிறங்கியிருந்தார். வடக்கத்திப் படை அக்கரைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து எனக்கு ஆள் வந்தான். "நாளைக்குக் குத்பாவுல எஜமான் பேரைச் சொல்லணுமாம், கத்தீபு."

"சொல்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு நேராக வீட்டுக்குப் போய், அந்தக் கொளுத்துகிற வெயிலில் மூன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். என் மனைவி கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் மாதிரித் தெரியலையே?"

"உள்காய்ச்சல்" என்றேன்.

அவள் எழுந்து போனாள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாகிறவரைக்கும் அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் தொழுகைக்கு முன்னால் மஹ்யார் வந்தான். கம்பளியைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றான்.

"காக்கா, நான் ஓதிடவா? இத்தனை வருஷமாக் கேட்டதுதானே. மனப்பாடமா இருக்கு."

"டேய், இன்னைக்கு எந்தப் பேருன்னு தெரியுமா?"

"தெரியும். அவரு போகலைன்னா என் நாஹித் இன்னைக்கு எந்தச் சந்தையில நிப்பாளோ. யாராச்சும் ஓதித்தானே ஆகணும்?"

அப்போதாவது நான் எழுந்திருக்க வேண்டாமா? எழுந்தேன். எதற்கு? மாடத்திலிருந்து அங்கியையும் மரவாளையும் எடுத்து அவன் கையில் கொடுப்பதற்கு. என் கையாலேயே கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கி அவனுக்குப் பெரிது. இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டான். வெளியே மண்காற்று அடித்துக்கொண்டிருந்ததால் தலைப்பாகைத் துணியை எல்லாரையும் போல மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டான். பின்வரிசைக்காரர்களுக்கு மேலே நிற்பது நான்தான் என்ற நினைப்பு. முன்வரிசையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆள் யாரென்று தெரியும். பள்ளிக்கு ஒட்டினாற்போல் என் வீடு. கம்பளிக்குள் கிடந்தபடி கேட்டேன். இரண்டு தடவை செருமினான். பிறகு அந்தக் குரலில் புர்ஸீன் பேர் வந்தது. பள்ளி முழுக்க "ஆமீன்" என்று அதிர்ந்தது. எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? பொறாமை. வெட்கங்கெட்ட எனக்குப் பொறாமை வந்தது.

ஆற்றுத் துறைச் சண்டையில் புர்ஸீன் தோற்றார். நாணல் காட்டுக்குள் போய் மறைந்துவிட்டார். வடக்கத்திப் படை ஊருக்குள் வந்தது. அவர்களின் தளபதி பள்ளிவாசல் முற்றத்தில் எங்களை நிறுத்தினான்.

"கத்தீபு யாரு?"

நான் முன்னால் போனேன்.

"நீதானே அவன் பேரை ஓதினவன்?"

"இல்லீங்க. நான் காய்ச்சலாக் கிடந்தேன்."

"அப்ப யாரு?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். தெரியாது என்று சொல்லி நாலு அடி வாங்கியிருக்கலாம். ஆனால் அங்கியைக் கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"மோதினார்ங்க. எனக்குத் தெரியாம அங்கியை எடுத்துப் போட்டுக்கிட்டு ஏறிட்டான்."

முன்வரிசைப் பெரிய மனுஷர்களைத் தளபதி திரும்பிப் பார்த்தான். எல்லாரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

தளபதி மஹ்யாரைக் கேட்டான். "அப்படித்தானா? நீயாத்தான் எடுத்தியா?"

மஹ்யார் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் நிஜமாகவே காய்ச்சலில் கிடப்பவன் போலப் பார்த்தான்.

"ஆமாங்க" என்றான்.

அதுதான் அவன் நாக்கு பேசிய கடைசிச் சொல். அன்றைக்கே அந்த முற்றத்தில் வைத்து, தலையை விட்டுவிட்டு, பேரைச் சொன்ன நாக்கை அறுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, காற்று ஓய்ந்து குளிர் தொடங்குகிற சமயத்தில், புர்ஸீன் நாணல் காட்டிலிருந்து பெரும் படையோடு வந்தார். வடக்கத்தி ஆட்கள் ஓடியே போனார்கள், பிறகு திரும்பவில்லை. இன்றுவரை நாங்கள் அவர் வம்சத்தின் குடிகள். மறைவில் "மாவுக்கார வம்சம்" என்போம். அவருக்கும் அது தெரிந்திருந்தது, பிடிக்கவும் செய்தது.

வந்ததும் நேராகப் பள்ளிக்குத்தான் வந்தார். "நான் நாணல் காட்டுல கெடந்தப்ப எனக்கு ஒரே தெம்பு, என் பேரை ஒருத்தர் ஓதிட்டாருங்கறதுதான். எங்கே அந்தக் கத்தீபு?"

தலையாட்டின பெரிய மனுஷர்கள் எப்படிப் பேசுவார்கள்? பின்னாலிருந்து யாரோ என் முதுகில் கை வைத்துத் தள்ளினான். நான் போய் நின்றேன். அமீர் தன் தோளில் கிடந்த போர்வையை எடுத்து எனக்குப் போர்த்தி, நெற்றியில் முத்தமிட்டார். மாவு வாசனை அடித்தது. மஹ்யார் வாயில் துணி கட்டிக்கொண்டு தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தான். நாஹித் எதையோ சொல்ல முன்னால் வந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டான். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாண்டுகொண்டு சாகவேண்டியவன், குளிருக்கு இதமாக இருக்கிறதென்று பிடித்துக்கொண்டேன்.

பாங்கு சொல்ல முடியாதவனுக்குப் பள்ளியில் என்ன வேலை? தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை. நான்தான் பெரிய மனது பண்ணி வாங்கிக் கொடுத்தேன். ஊரார் என்னைப் புகழ்ந்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் மிம்பரில் ஏறி அமீர் பேரைச் சொல்கிற இடம் வரும்போது, தொட்டிப் பக்கமிருந்து இரண்டு செருமல் கேட்கும். பழக்கமா, எனக்காகவா, தெரியாது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று மாதம் தாங்கினேன். பிறகு ஒரு நாள் இனி முடியாது என்று அமீரிடம் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், சத்தியம். கூடத்தில் கூட்டம். எல்லாரும் இடப்பக்கம் நின்றார்கள். என் கால் வலப்பக்கம் போய்விட்டது. அங்கே நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னேன். "எஜமான், அன்னைக்கு ஓதினது நான் இல்ல, மஹ்யாரு. அங்கியை என் கையாலதான் குடுத்தேன். காட்டிக்குடுத்ததும் நான்தான்." முழுதாகச் சொன்னேன். செவிட்டுக் காதில்.

நான் பேசும்போதே அமீர் தலையைத் திருப்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னமோ சொன்னீங்களே, கத்தீபு?"

"ஒண்ணுமில்லீங்க எஜமான். உங்களுக்காகத் துஆ கேட்டேன்."

வீட்டுக்கு வந்து, சொல்லிவிட்டோமே என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். அல்லாவுக்குக் கேட்டிருக்குமல்லவா என்று வேறு நினைத்துக்கொண்டேன். என்ன ஒரு பிறவி!

ஒன்பது வருஷம் போனது. அமீர் வாய்க்கால் வெட்டினார். ஆள்பிடிக்கிறவர்களை ஒருத்தன் மிச்சமில்லாமல் ஒழித்தார். பட்டு உடுத்தினால் அரிக்கிறது என்று கம்பளியையே உடுத்தினார். கடைத்தெருவில் போகிறபோது ஒவ்வொரு ரொட்டிக்கடையிலும் மாவில் விரலை விட்டுப் பார்ப்பார், தவிடு கலந்திருந்தால் கடைக்காரன் தொலைந்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தொட்டி விளிம்பில் மஹ்யாரோடு போய் உட்கார்ந்துகொள்வார். அவன் வாயசைப்பான். இவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தலையாட்டுவார். சில நாள் தொடையில் தட்டிச் சிரிப்பார். "எளகின மனசு நம்ம அமீருக்கு" என்று ஊர் பேசியது. ஊமையோடு உட்கார்ந்து என்னத்தைச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

ஒன்பதாம் வருஷக் குளிரில் மஹ்யார் நெஞ்சுச் சளி கட்டி இறந்துபோனான். நான்தான் ஜனாஸாத் தொழுகை நடத்தினேன். வேறு யார் நடத்துவது?

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவை அமீரே பள்ளி முற்றத்தில் வைத்தார். தானே கை வைத்து அரைத்த மாவில் ரொட்டி. ஏரிமீன் கருவாடும் சொல்லி வைத்திருந்தார். அமீரின் கிதாபை எழுதிக்கொண்டிருந்த எழுத்தரும் அன்றைக்கு அங்கே இருந்தார். அமீர் அவரைப் பார்த்து, "மொதல் குத்பா பத்தி எழுதினீங்களே, அதைப் படிங்க" என்றார். எழுத்தர் கனைத்துக்கொண்டு படித்தார். "வடக்கத்திப் படை அக்கரையில் நின்ற அந்நாளில், கத்தீப் நூஹ், தம் உயிரைத் துரும்பாக மதித்து, அஞ்சாமல் மிம்பரில் ஏறி அமீரின் திருநாமத்தை ஓதினார்."

"சரியா இருக்கா, கத்தீபு?" என்று அமீர் கேட்டார்.

நாஹித் ரொட்டிக் கூடையோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அமீருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். அவருக்கு முன்னால் நடந்து இடப்பக்கம் போனேன். ஏழெட்டு அடிதான் இருக்கும், அது முடிகிற வழியாக இல்லை. குனிந்து, அவர் நல்ல காதில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எல்லாவற்றையும் சொன்னேன். அங்கி, கம்பளி, காய்ச்சல், தளபதி, "எனக்குத் தெரியாம எடுத்தான்" என்றது, ஒன்று விடவில்லை.

அமீர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இப்பத்தான் காதுல விழுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கத்தீபு, திரிகைச் சத்தத்துல எவனுக்கும் எதுவும் கேக்காது. நாங்க அங்க உதட்டைப் பாத்துத்தான் பேசிக்குவோம். சின்ன வயசுலேருந்து அதான் பாஷை. அன்னைக்கு நீங்க அந்தப் பக்கம் நின்னு சொன்னீங்களே, ஒரு சொல்லு விடாம எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாலயே தெரியும். நாக்கு போனா என்ன? மஹ்யாருக்கு உதடு இருந்துச்சே."

அமீர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களைக் கழுவேத்தறேன்னுதான் கெளம்பினேன். அவன் தடுத்தான். 'காக்காவே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் விட்டுடுங்க'ன்னான். ஒவ்வொரு நவ்ரோஸ் வருசப்பொறப்புக்கும் 'இந்த வருசம் சொல்லிடுவாரு பாருங்க'ம்பான். நானும் அவனும் அதை வெச்சுச் சிரிப்போம். போன மாசம் படுக்கையில கெடந்துகூட அதையேதான் சொன்னான்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவன் இருந்தபோது ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை. நாற்பது நாள் தாமதமாக வந்து நிற்கிறேன்.

எழுத்தர் எழுதுகோலை எடுத்தார். "அப்ப திருத்திடலாமா எஜமான்? மஹ்யாருன்னு?"

"அதை அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க" என்றார் அமீர்.

நாஹித் கூடையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"திருத்த வேணாம். என் புருசன் ஓதினதுக்குக் காயிதம் சாட்சி வேணாம், மேலே அல்லாகிட்ட எழுதியிருக்கும். திருத்திட்டா இந்தக் காக்கா இன்னைக்கு நிம்மதியாத் தூங்கிடுவாரு. அவரு பேரே இருக்கட்டும். வருசா வருசம் அந்த வெள்ளிக்கிழமை, அவரே அவரு வாயால படிக்கட்டும். நான் வந்து கேக்கறேன்."

அமீர் என்னை ஒரு தடவை பார்த்தார். "அப்படியே ஆகட்டும்" என்றார். ரொட்டியைப் பிட்டுக் கருவாட்டோடு சேர்த்து முதல் கவளம் எனக்குத்தான் கொடுத்தார். தின்றேன்.

இப்போது அமீரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஆள்கிறார். ஆனால் கட்டளை கட்டளைதான். வருஷத்தில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை நான் மிம்பரில் நின்று அந்தப் பக்கத்தைப் படிப்பேன். "தம் உயிரைத் துரும்பாக மதித்து" என்ற இடம் வரும்போது நாணல் தட்டிக்கு அப்பால், பெண்கள் பக்கத்திலிருந்து, இரண்டு செருமல் கேட்கும். பள்ளி முழுக்கத் தலையைக் குனிந்துகொள்ளும். விவரம் தெரியாத சின்னப் பிள்ளைகள் மட்டும் என்னைப் பெரிய வீரன் என்று நினைத்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

போன வருஷம் முடியவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது, எந்த நேரம் போவேனோ தெரியாது. அந்த வரி வந்தபோது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, "மோதினார் மஹ்யார், தம் உயிரைத் துரும்பாக" என்று மாற்றிப் படித்தேன். செருமல் வரவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

தட்டிக்குப் பின்னாலிருந்து நாஹித்தின் குரல் வந்தது. கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"கத்தீபு, கிதாபுல உள்ளதைப் படிங்க."

படித்தேன்.